ஒரு மடக்கு இறங்கினால்

ஜூலை மாதத்து வால்டிவியாவில்
மழைக்கு இடைவேளை கிடையாது.
தகரக் கூரையின் கீழ்
ஐந்து பேர், பதினோரு நாற்காலிகள்,
ரோமினா கெல்னர் புதிதாய் வடித்த பீர்
ஆறு புட்டிகள்.
லேபிள் இன்னும் ஒட்டவில்லை.
லேபிளுக்குச் சொல் தேட வந்தவன் நான்.

முதல் புட்டியை ஐந்து கண்ணாடிக் குவளைகளில் பகிர்ந்தோம்.
முர்த்தாப் பழத்தின் துவர்ப்பு முன்னால் வந்தது.
புளிப்பு நாக்கின் ஓரத்தில் கால் நனைத்துவிட்டு
ஓடிப் போயிற்று.
அப்புறம் ஒரு கைப்பு.
அதற்கு எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.
ஈரக் கயிறு, என்றேன்.
"கயிற்றை யார் காசு கொடுத்துக் குடிப்பார்கள்?"
ரோமினா துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

இதற்கு ஏற்ற இசை எது என்று பேச்சு திரும்பிற்று.
தபால் அலுவலக இர்மா ஒபாண்டோ
தன் இசைத்தட்டில் வயலினைச் சுழலவிட்டாள்:
பீர் இனித்துப்போனது, சத்தியமாக.
பல் மருத்துவர் மகன் ஜோயல்
கைபேசியில் டிரம்ஸை அதிரவிட்டான்:
நுரை மட்டும்தான் மிஞ்சியது வாயில்.
அக்கார்டியன் வந்தபோது
ஐவருமே குடிக்க மறந்தோம்.
அதைப் பொருத்தம் என்பதா, பகை என்பதா?
வெளியே காயே காயே ஆற்றங்கரையில்
மீன் கழிவுக்குக் காத்திருந்த கடற்சிங்கம் ஒன்று
எல்லாவற்றுக்கும் ஒரே கருத்தைச் சொன்னது.

அதுவரை குவளையை முகர்ந்து மட்டும் பார்த்திருந்தார்
பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் எவரிஸ்தோ பர்ரியா.
புதுப் புட்டி ஒன்றைத் திறந்தார்.
கீழுதட்டில் அதன் வாயைப் பொருத்தி ஊதினார்.
மெல்லிய, கூரான ஊ.
ஒரு மடக்குக் குடித்தார்.
மறுபடி ஊதினார்.
ஊ, ஒரு மயிரிழை தாழ.
"குடிக்கக் குடிக்க இறங்கும்.
ஏறுவது என்பது இதில் இல்லை."

ஆளுக்கொரு புட்டி கொடுத்தார்.
இர்மாவுக்கு மேல் சுரம்: உதடு நனைத்தால் போதும்.
அநியாயம் என்றாள் அவள்.
எனக்கு மந்தரம்: பாதிக்கும் கீழே போகவேண்டும்.
பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
மருந்து போல் அளந்து குடித்தேன்.
அவ்வளவு சிறிய மடக்கை
அதற்கு முன் நான் குடித்ததே இல்லை.
கைப்புக்குப் பின்னால் உப்பு இருந்தது.
உப்புக்குப் பின்னால் கொஞ்சம் புகை.
இத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருக்க
வாசலில் நின்றா கயிறு கயிறு என்றேன்?

எவரிஸ்தோ கண்ணை மூடித் தலையசைக்க
ஐந்து புட்டிகளும் ஒன்றாய் ஊதின.
என் தாடையெலும்பு நடுங்கியது.
தகரம் சன்னமாய் அதிர்ந்தது.
கடற்சிங்கம் குரைத்தது, சற்றே சுருதி பிசகி.
"அவன் நம்மைவிட அதிகம் குடித்திருக்கிறான்,"
என்றார் எவரிஸ்தோ, கண் திறக்காமலே.

அந்தச் சிரிப்பில்தான் ஜோயல்
பெரிதாய் ஒரு மடக்கு விழுங்கிவிட்டான்.
அவன் ஊதியபோது சுரம் படியிறங்கிப் போயிருந்தது.
கூரை ஒழுகும் மூலையைக் காட்டினான்:
நாலு துளி பிடித்தால் ஏறிவிடுமே?
"என் பீரில் மழைத் தண்ணீரா!"
ரோமினா புட்டியைப் பிடுங்கி
வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.
யாரும் பேசவில்லை.
பின் அவளே சொன்னாள்:
"அவன் இறங்கினால் நாமும் இறங்குவோம்."

இறங்கினோம்.
ஆளுக்கொரு மடக்கு, அப்புறம் ஊத்து.
அடுத்து இர்மா தவறினாள், வேண்டுமென்றேதான்.
மறுபடி இறங்கினோம்.
நள்ளிரவுக்கு முன் என் புட்டி காலி.
அதற்குக் கீழே எனக்குச் சுரம் இல்லை.
அப்போது கரையிலிருந்து அவன் குரைத்தான்.
இம்முறை பிசகவில்லை.

லேபிள் அச்சாகிவிட்டது.
துவர்ப்பு, புளிப்பு, கயிறு எதுவும் அதில் இல்லை.
புட்டியின் தோளுக்கு இரண்டு விரல் கீழே
மெல்லிய கோடு ஒன்று.
கோட்டின் மேல்:
இதுவரை குடித்துவிட்டு ஊதவும்.