கனகாம்பரம்

பாண்டி பஸ்ஸில் யார் தலையிலாவது மல்லி இருக்கிறதா என்று
வாசலில் நின்றே பார்த்துவிடுவேன்.
இருந்தால் அடுத்த பஸ்.
முகூர்த்த நாளென்றால்
கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே மதியமாகிவிடும்,
ஜிப்மரில் சீட்டு மூடியிருப்பார்கள்.

திருவந்திபுரத்தில் கல்யாணம் முடித்துத் திரும்பிய வேன்.
ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு புளியமரம்.
இரண்டு பத்துக்கு அழைப்பு,
இரண்டு இருபத்தொன்றுக்கு நாங்கள் அங்கே.
எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.
படிவத்தில் வாசனைக்குக் கட்டம் இல்லை.

டீசல்.
அதற்கு மேலே, அதையும் அமுக்கிக்கொண்டு, மல்லி.

கழுத்துப்பட்டை மாட்டும்போது
"பூ நசுங்குதும்மா" என்றார் அந்த அம்மாள்.
அவ்வளவுதான் சொன்னார்.
பேர் என்ன, பேர் சொல்லுங்க, பேரச் சொல்லுங்கம்மா என்று
கன்னியக்கோயில் வரை
கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பைலட் கலியவரதன் வண்டியை மூன்று நாள் கழுவினார்.
இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார்.
ஒருநாள் ராத்திரி போன் செய்து
"உனக்கும் வருதா" என்றார்.
வருது என்றேன்.
வைத்துவிட்டார்.

வண்டிப்பாளையத்தில்
வெள்ளிக்கிழமை வெறுந்தலையோடு தண்ணீர் பிடித்தால்
அதற்கு ஒரே அர்த்தம்தான்.
புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில்
இவளுக்கென்ன கேடு என்று
குழாயடியில் என் காதுபடவே கேட்டார்கள்.
குத்துக்கல்
கல்யாணத்துக்குப் போய் வந்தால்
சட்டையை மொட்டைமாடியில் போட்டுவிட்டு
குளித்துவிட்டுத்தான் உள்ளே வரும்,
சாவுக்குப் போய் வந்ததுபோல.
ஒரு வார்த்தை கேட்டதில்லை.
தமிழ்க்கொடி ஆண்டுவிழாவுக்கு வைத்த பூவைத்
தெருமுனையிலேயே எடுத்து
சாக்கடையில் போட்டுவிட்டு வந்தாள்.
ஒரு ஊசி மட்டும் தலையில் மறந்திருந்தது.

மறக்க மாத்திரை கேட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
தூங்க மட்டும் எழுதித் தந்துவிட்டு
"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.
அடுத்த புதனும் முதல்லேருந்து.
அதற்கடுத்த புதனும்.
இதற்கா பஸ் ஏறி வருகிறேன் என்று கத்தியிருக்கிறேன்.
எட்டாவது தடவை சொல்கையில்தான்
தாம்பூலப் பையிலிருந்து ஒரு தேங்காய்
ரோட்டில் உருண்டது ஞாபகம் வந்தது.
ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர் கால் இடறக்கூடாதென்று
அதை நான் ஓரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.
அத்தனைக்கு நடுவிலும்
குனிந்து, இரண்டு கையாலும்.
அன்றைக்கு டாக்டர் ரூமில் அழுதது தேங்காய்க்காக.

அஞ்சலாட்சி கடையைக் கண்டால்
எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன்.
யார் சொன்னார்களோ,
போன மாசம் அங்கிருந்தே குரல்:
"ஏ ஆம்புலன்சு! இங்க வா.
வாசமில்லாததும் விக்கிறேன்."
கனகாம்பரம்.
"மோந்து பாரு, ஒண்ணும் இருக்காது.
கலரு குடுத்த சாமி அத மறந்துட்டான்."
மோந்தேன்.
ஈரநூல் வாசம், அவள் விரலின் வெற்றிலை.
அவ்வளவுதான்.
அரை முழம் வாங்கி, வைக்கவில்லை,
செவ்வாய் வரை ஜன்னல் கம்பியில் தொங்கியது.
அடுத்த அரை முழம் வைத்தேன்.
தமிழ்க்கொடி பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல்
என் பின்பக்கம் வந்து
ஊசியைச் சரி செய்தாள்.

இன்னும் தூக்கத்தில் பேர் கேட்கிறேனாம்.
குத்துக்கல் தன் பேரைச் சொல்கிறதாம்,
அப்புறம் நான் தூங்கிவிடுகிறேனாம்.

இந்தப் புதன்,
மூன்று சீட்டு முன்னால் இரண்டு முழம் மல்லி.
இறங்கவில்லை.
ஜன்னலைத் திறந்தேன்.
பெண்ணையாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் போனது,
எருமை ஐந்து, இல்லை ஆறு,
எண்ணினேன்.
ரெட்டிச்சாவடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
புளியமரம் வந்தது.
போனது.
முள்ளோடையில் முடியவில்லை, இறங்கிவிட்டேன்.

"பாண்டிக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.
போன வாரம் நான் இறங்கியது ஆல்பேட்டையில்.
அது அவருக்குத் தெரியாது.