கார்த்திகை இரண்டு

அஜாக்ஸ், சேலம் வீதி, நிலக்கீழ் அறை.
மாசி பிறந்தால் என் கதவுமணி ஓயாது.
வருமான வரிக்கு வருகிறவர்கள்
வேறு உறைகளையும் கூடவே நீட்டுவார்கள்:
"அக்கா, இதையும் ஒருக்காப் பாருங்கோ."
வாடகைக் கடிதம், வாகனக் காப்புறுதி,
ஒருமுறை ஒருவர்
பிள்ளையின் வகுப்பில் பேன் பரவுகிறதென்று
பள்ளிக்கூடம் அனுப்பிய அறிவித்தலை.

எல்லாருக்கும் சொல்வேன்:
இந்த நாட்டில் திகதிக்கு ஒரு முகமில்லை.
ஒரு தாளில் நாள் முன்னே நடக்கும்,
மறுதாளில் மாதம் முந்திக்கொள்ளும்.
பார்த்துப் படியுங்கோ.

எனக்கும் ஓர் உறை வந்தது, ஓர் ஆவணியில்.
நீலக்கரை போட்ட காசோலைகள் மூன்று,
என் பெயர் அச்சடித்தபடி.
வட்டி ஒரு வீதத்துக்கும் கீழே,
அடுத்த வருசம் 02/11 வரைக்கும்.

குலேந்திரனுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பல் இல்லை.
இடப்பக்கத்தால் மட்டும் சாப்பிடுவார்,
படமெடுத்தால் உதட்டை மூடிக்கொள்வார்.
பல் வைத்தியர் சொன்ன விலை
ஒன்பதாயிரத்து இருநூறு.
எழுதிக் கொடுத்தேன்.
ஒப்பம் அழகாக விழுந்தது.

கணக்குத் தலைக்குள் சுத்தமாக இருந்தது.
ஐப்பசியில் சீட்டு. என்னுடையது கடைசிக் கை,
கழிவில்லாத முழுக்காசு.
தாச்சி பவளராணி சொன்ன நாள் தவறாதவள்.
கார்த்திகை இரண்டுக்கு முன் கடன் தீரும்.
கார்த்திகை இரண்டு.
அப்படித்தான் படித்தேன்.

பிறகு வரிக்காலம்.
ஊரார் உறைகளைக் கிழித்துக் கிழித்து
விரல் நுனியெல்லாம் தாள் வெட்டு.
என்னுடையவற்றைப் பிரிக்காமலே
வெறும் அரிசிப் பையொன்றில் போட்டு வந்தேன்.
குறைந்தபட்சத் தொகை கணக்கிலிருந்து தானாகப் போனது.
தானாகப் போகிறதன் பின்னால்
யார் போய்ப் பார்ப்பது?

ஐப்பசி இருபது.
சீட்டுக்காசு கைக்கு வந்த இரவு
எவ்வளவு கட்டவேண்டுமென்று பார்க்கப்
பையைக் கவிழ்த்தேன்.
எட்டு உறைகள்.
மாசி பதினொன்றிலிருந்து
இருபத்திரண்டு தசம் ஒன்பது ஒன்பது.
மேலிருந்து கூட்டினேன். கீழிருந்து கூட்டினேன்.
என் கூட்டல் பிழைக்கவேண்டுமென்று
அன்றைக்குத்தான் முதல்முறை ஆசைப்பட்டேன்.
பிழைக்கவில்லை.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டொலர்,
முப்பத்தாறு சதம்.

வங்கிக்கு எடுத்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு பெடியன், மீசை முளைக்காத குரல்:
மாதம் முதலில், நாள் பிறகு என்று
பின்பக்கம் போட்டிருக்கிறதாம்.
போட்டுத்தான் இருந்தது,
எறும்பு படிக்கிற அளவில்.
இரக்கப்பட்டு முப்பது டொலர் கழித்தான்.
வேறேதும் உதவி வேண்டுமா என்றான்.
உங்களுக்கொரு புதிய சலுகை இருக்கிறது என்றான்.
வைத்துவிட்டேன்.
அவனில் பிழையில்லை,
அதுதான் எரிச்சல்.
ஏச ஒரு ஆள்கூட மிச்சமில்லை.

குலேந்திரனுக்குச் சொல்லவில்லை.
மேலே கச்சான் கொறிக்கிறார், வலப்பக்கத்தால்.
நிலக்கீழ் அறைவரை கேட்கிறது.
ஒவ்வொரு கடிக்கும் ஒரு விலை போட்டுப் பார்க்கிறேன்,
வெட்கப்பட்டு நிறுத்துகிறேன்,
திரும்பவும் போடுகிறேன்.
தங்கச்சி மகளின் கலியாணப் படத்தில்
வாய் திறந்து சிரிக்கிறார், விசரன் மாதிரி.
அந்தப் படத்தைத்தான்
கைபேசி முகப்பில் வைத்திருக்கிறேன்.

இந்த மாசியில் முதல் வந்தவன்
பாரவண்டி ஓட்டுகிற குகப்பிரியன்.
வரித்தாள்களுக்கிடையில் நீலக்கரை உறை.
"வட்டி இல்லாத மாதிரித்தானே அக்கா?"
04/07 என்றிருந்தது.
பின்பக்கம் திருப்பினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி பார்த்தேன்.
சிவப்புப் பேனையால்
உறையின் நெற்றியில் பெரிதாக எழுதினேன்:
சித்திரை ஏழு. ஆடி நாலு இல்லை.

"உங்களுக்கெண்டா
பாத்த உடனே விளங்கிடும்" என்றான்.

ஓம் என்றேன்.
அடுத்த தாளைத் தா என்றேன்.