மீதி ஐந்து

காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கம்,
செல்போன் கடை மாடி. ஞாயிறு இரவு பத்தே கால்.
வில்லன் பத்து அடிக்கிறான்.
நாச்சம்மையின் கேடயம் மூன்றைத் தின்றது.
குறுக்கே பாய்ந்த துணையாள் சீட்டுக்கு
உயிர் இரண்டுதான்.
மீதி ஐந்து யாருக்கு?

"பின்னால நிக்கிற வைரவனுக்கு" என்றான் ரபீக்.
"செத்தவனோட போச்சு" என்றாள் நாச்சம்மை.
வில்லனுக்கென்று இங்கே ஆளில்லை,
அவனை நடத்துவது ஒரு சீட்டுக்கட்டு.
நாங்கள் நால்வரும் ஒரே கட்சி,
ஜெயித்தால் சேர்ந்து, தோற்றால் சேர்ந்து.
இருந்தும் முக்கால் மணி நேரம் கத்தினோம்,
தோற்பதானாலும் ஒழுங்காகத் தோற்க.

விதிப் புத்தகம், பதினேழாம் பக்கம்.
சீயத்தின் எண்ணெய்க் கறைக்கு அடியில் கண்டுபிடித்தேன்:
முதலில் கேடயம், பிறகு தடுப்பவர் உயிர்.
தடுப்பவர் வீழ்ந்தால்
மிச்சச் சேதம் எவரையும் சேராது.
'ஊடுருவும்' என்று அச்சிட்ட அடி மட்டும் தாண்டி வரும்.
வில்லன் சீட்டை விளக்கடியில் பிடித்து
ரபீக் இரண்டு பக்கமும் தேடினான்.
அச்சிடவில்லை.

வைரவன் ஒன்றும் பேசவில்லை.
மச்சினன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன்.
மச்சினன் மார்ச்சில் கடையை மூடினான்,
ஏப்ரலிலிருந்து இவன் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
நாங்கள் சண்டையைத் தொடங்குமுன்பே
ஐந்து சிவப்பு வில்லைகளை எண்ணித்
தன் வீரன்மேல் வைத்திருந்தான்.

"அந்த வரிய இன்னொரு தரம் வாசி."

வாசித்தேன்.
ஒவ்வொன்றாய் எடுத்து டப்பாவில் போட்டான்.
கடைசி வில்லையைக் கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தான்.