பதினான்கு நாள்

உப்புவெளியில் என் லாயத்துக்கு
கூரை பாதி தகரம், பாதி கிடுகு.
குதிரைகள் மூன்று.
ஒவ்வொன்றும் நாளைக்கு
எட்டுத் தரமோ ஒன்பது தரமோ வாலைத் தூக்கும்.
வெள்ளைக்காரர் கரையோரம் சவாரி போய்
படம் பிடித்துக்கொண்டு இறங்கியபின்
மிச்சம் எனக்கு:
ஒற்றைச் சில்லு வண்டியில்
காலையில் இரண்டு, பொழுதுபட இரண்டு.
நத்தாருக்கும் அது நிற்பதில்லை.

முதலில் புதைத்துப் பார்த்தேன்.
மூன்று முழத்தில் மணல் நனைந்தது,
நாலில் தண்ணீர் ஊறிக் குழியை நிரப்பியது.
உருண்டைகள் ஒவ்வொன்றாய் மிதந்து
மேலே வந்து என்னைப் பார்த்தன.

பிறகு கொளுத்தினேன்.
எரியவில்லை, புகைந்தது.
மூன்று நாள் புகைந்து
பக்கத்து விடுதியின் வெள்ளை விரிப்புகளில்
ஏறி உட்கார்ந்தது.
மனேஜர் வேலிக்கு மேலால் ஒரு விரிப்பை நீட்டி
மோந்து பார் என்றார்.
மோந்தேன். பாவம், அவர் சொன்னது சரி.

இருட்டில் கடலிலும் கொட்டினேன், சொல்ல வெட்கம்தான்.
கடல் விடியமுன் திருப்பித் தந்தது,
அல்பிரட்டின் கரைவலைக்குள்.
சாளையும் இலத்தியும் ஒன்றாய்ப் புரள
அவர் என் தாயைப் பேசவில்லை,
குதிரையின் தாயைப் பேசினார்.

பிரதேச சபை உழவு இயந்திரம் செவ்வாயில் வரும்.
போத்தல் ஒரு பை, பொலித்தீன் ஒரு பை,
சமையலறைக் கழிவு ஒரு வாளி.
"இது எதுக்குள்ள வரும் தம்பி?"
சாரதி இறங்காமலே யோசித்தான்.
"அக்கா, இது மிருகத்துக்குள்ள இருந்தெல்லோ வருது"
என்று கியரைப் போட்டான்.

குவியல் மதிலைத் தொட்ட கிழமை
பி.எச்.ஐ. வந்தார், தலைக்கவசத்தைக் கழற்றாமல்.
ஈ, நுளம்பு, மணம், கிணற்றுக்கு உள்ள தூரம்.
தூரத்தை மட்டும் நாடாவால் அளந்தார்.
பதினான்கு நாள் என்று எழுதியதில்
தெரேசம்மா தேசம்மா ஆனாள்.
திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

இறக்கக்கண்டியில் வெங்காயம் வைக்கும் ரஹீலா
குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு
வெடுக்கென்று இழுத்தார்.
"கன்னியாக் கிணறு மாதிரிச் சுடுது.
இத இப்ப போட்டா என்ட பாத்தி அவிஞ்சி போயிரும்.
புல்லு வித்தும் கிடக்கு.
மூணு மாசம் புரட்டிப் புரட்டி ஆற விடுங்க,
பொறகு நானே வந்து அள்ளுறன்."
மூன்று மாதம்.
அறிவித்தலில் பத்து நாள் இருந்தது.

அன்றிரவுதான் சீனி படுத்தாள்.
எழுந்தாள், தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள்,
மறுபடி படுத்தாள்.
மத்தியானத்திலிருந்து அவள் மூலை சுத்தம்.
அந்தச் சுத்தம் எனக்கு
முதலில் சந்தோஷமாய் இருந்தது,
அதையும் எழுதத்தான் வேண்டும்.
மிருக வைத்தியர் கந்தளாயில். போனில்
"படுக்க விடாதேங்கோ, நடத்துங்கோ,
போட்டால் உடனே சொல்லுங்கோ" என்றார்.

நடத்தினேன்,
அலஸ்தோட்டம் மட்டும், திரும்பி, மறுபடி.
கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது.
ரோட்டில் படுத்திருந்த மாடுகள்
எங்களுக்காக எழும்பவில்லை.
அவள் விலாவில் காதை வைத்தால்
பூட்டிய வீடு.
பாடமாக்கிய செபமெல்லாம் மறந்துபோய்
ஒன்றையே கேட்டுக்கொண்டு நடந்தேன்.
எதைக் கேட்டேன் என்று
பங்குச் சுவாமியிடம் சொல்ல முடியாது.

நாலரைக்கு வால் அசைந்தது.
முதலில் காற்று, நீளமாய்.
பிறகு ஒன்று, சிறியது, உலர்ந்தது, மணல் கலந்தது.
பிறகு ஐந்தாறு, ஈரமாய்,
தொப்புத் தொப்பென்று
ரோட்டின் நட்டநடுவில்.
டோர்ச் அடித்து எண்ணினேன்.
வைத்தியரை எழுப்பினேன். அவர் நிறம் கேட்டார்.
பிள்ளையின் சோதனைப் புள்ளியைச்
சொல்கிறவள்போலச் சொன்னேன்.

வண்டி கொண்டுவரவில்லை.
தலையில் கட்டிய துவாயை அவிழ்த்து
கையாலேயே அள்ளி முடிந்தேன்,
ரோட்டில் விட்டால் அதற்கொரு அறிவித்தல் வரும்.
இளஞ்சூடு துவாயைத் தாண்டி
வயிற்றில் பட்டது.

லாயத்தில் சீனி
ஒரு பிடி வைக்கோல் இழுத்தாள்.
முடிச்சைக் குவியலின் உச்சியில் அவிழ்த்துவிட்டு
மண்வெட்டியைத் தேடினேன், புரட்ட.
இன்னும் ஒன்பது நாள்.