நாலு கிராம் சொச்சம்

புயல் போன மூன்றாம் நாள்
தேவனாம்பட்டினத்தில் கடல்
கரையை ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டிப் போட்டிருந்தது.
வெள்ளிக்கிழமை. ரேஷன் கடைக்கு லீவு.
டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

முதலில் பீர் மூடி.
பிறகும் பீர் மூடி.
பாக்குப் பொட்டலத்து ஜிகினாத் தாளுக்குக்கூட
என்னமாய்க் கூவுகிறது இந்தச் சனியன்.
தூண்டில் ஈயம், பெல்ட் பக்கிள்,
விளிம்பு நெளிந்த பத்து பைசா ஒன்று
(அதை அடையாளம் காணக் கண்ணே வேண்டாம்).
கோட்டைச் சுவர் தாண்டி, முழங்கை ஆழத்தில்
வேறு குரலில் கூப்பிட்டது.

பச்சை பிடித்த வட்டம்.
வட்டம்கூட இல்லை, யாரோ கடித்துத் துப்பியது போல.

நல்லெண்ணெயில் பதினோரு நாள் ஊறியது.
புளி போட்டுத் தேய்க்கலாமே, என்றாள் மனைவி.
தேய்த்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.
இருக்கிறதா என்ன, என்றாள்.

மஞ்சக்குப்பம் சேட்டுக் கடைத் தராசில்
நாலு கிராம் சொச்சம்.
காந்தத்துக்கு அசையவில்லை, செம்பு.
டச்சுக்காரனின் துட்டு என்றால்
இன்னும் லேசாக இருக்க வேண்டும்.
இயந்திரத்தில் அடித்த கும்பினிக் காசென்றால்
ஓரம் இப்படிக் கோணாது.
சோழன் என்றால், நிற்கிற ராஜாவின்
ஒரு காலாவது நகத்தில் தட்டும்.

பள்ளிக்கூடத்துப் பழக்கம்:
ரசீதின் பின்பக்கத்தை மேலே வைத்துப்
பென்சிலால் தேய்த்தேன்.
ஒரு மேகம் வந்தது.
திருப்பிப் போட்டுத் தேய்த்தேன்.
இன்னொரு மேகம்.

கரண்டு போன ராத்திரியில்
டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தபோது
நிழலாய் எழுந்தது ஒரு கொம்பு.
பக்கத்தில் சகரத்தின் முதுகு.
செ. அல்லது சே.
அந்தக் காலத்தில் இரண்டுக்கும் ஒரே கொம்புதான்.
மெய்க்குப் புள்ளியும் வைக்க மாட்டார்கள்.
ஆக, இது தேய்ந்த புள்ளியா, வைக்காத புள்ளியா
எவனும் சொல்ல முடியாது.
புதுச்சேரி.
இங்கிருந்து முக்கால் மணி நேர பஸ்.
தன் பேரை விட்டு
ஊர்ப் பேரைத் தமிழில் பொறித்த பிரெஞ்சுக்காரன் காசு.
மறுபக்கம் அவன் லில்லிப்பூ இருந்திருக்கும்.
இப்போது கூழாங்கல் வழவழப்பு,
நடுவில் சின்னதாய் ஒரு பள்ளம்.
உப்பு அரித்தது, என்று நோட்டில் எழுதினேன்.

திங்கட்கிழமை.
பவுனம்மாள், சோனங்குப்பம். மீன் வெட்டுகிறவள்.
வலது கட்டைவிரல். பதியவில்லை.
ஆள்காட்டி. பதியவில்லை.
இடது. மீண்டும் முயற்சிக்கவும்.
பதினெட்டு வருஷமாய் எனக்கு அவளைத் தெரியும்,
மெஷினுக்குத் தெரியவில்லை.
விரலை முந்தானையில் போட்டு அழுத்தித் தேய்த்தாள்.
தேய்க்காதே, இருக்கிற கொஞ்சமும்
என்று வாய் வரை வந்தது.

சர்வர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்
மேஜை மேல் கிடந்த காசை எடுத்தாள்.
பார்க்கவில்லை. தடவினாள்.
"யாரோ ஓட்டை போட ஆரம்பிச்சுட்டு
பாதில வுட்டுட்டாங்க.
ஆணி வச்சு அடிச்சிருக்கு. பின்னால பாரு, பொடச்சிருக்கு.
புள்ளைக்கு அரணாக்கயித்துல கோக்க இருக்கும்."

ஏன் பாதியில் விட்டார்கள்?

"எனக்கென்ன தெரியும்.
பருப்பு இருக்கா இல்லியா, அத்தச் சொல்லு."

உப்பு அரித்தது என்பதை அடித்துவிட்டு
ஆணி, என்று எழுதினேன்.
எந்த வருஷம், எவன் ஆட்சி என்ற கட்டங்கள்
காலியாகவே இருக்கின்றன.

மெஷினை மூடிவிட்டுப்
பழைய பதிவேட்டைத் திறந்து நீட்டினேன்.
ஒவ்வோர் எழுத்தாய், பேனாவைக் கத்திபோலப் பிடித்து
எழுதினாள்:
பவுனமமாள
புள்ளி ஒன்றுகூட இல்லை.
நானும் வைக்கவில்லை.

ஒரு கிலோ பருப்பு நிறுத்தேன்.
முள் நடுவில் நின்றது.

"சொச்சம் சேத்துப் போடு" என்றாள்.