ஜீரோ கேட்டுக்கு முன்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இது இரண்டாவது ராத்திரி.
எனக்கு முன்னால் எழுபது ட்ரெய்லர் இருக்கலாம், நூறும் இருக்கலாம்,
எண்ணுவதை நேற்றே விட்டுவிட்டேன்.
காசிமேட்டுக் காற்றில் மீனும் டீசலும்
ஒரே பாயில் படுத்துக் கிடக்கின்றன.
மணலிப் பக்கம் ரிஃபைனரி நெருப்பு
வானத்தின் அடியை நக்குகிறது.
அடையாளம் என்று சொல்ல மாட்டேன். அது கேஸ்.
அடையாளங்களோடு எனக்கு இப்போது பேச்சில்லை.

கண்ணாடியோரம் ஒட்டியிருக்கிறது
புது வருஷ ராத்திரி ஆராதனையில்
தட்டிலிருந்து நான் எடுத்த வாக்குத்தத்த அட்டை.
திர்சாளுக்கு அப்போது ஐந்தாம் மாசம்.
"எனக்கும் சேத்து நீயே எடு" என்றாள்.
எடுத்தேன். படித்தோம்.
அட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில்
பதினோரு நாள் இருந்தான்,
கண்ணாடிப் பெட்டிக்குள்,
என் உள்ளங்கை அளவு முதுகோடு.
பெயர் வைக்கவில்லை. வீட்டுக்கு வரட்டும் என்றிருந்தோம்.
காசிமேட்டுக் கல்லறையில் குழி வெட்டியவர்
"பேரு இன்னா?" என்று கேட்டபோது
நான் என் பேரைச் சொன்னேன்.

சபையில் எல்லோரும் வந்தார்கள்.
கர்த்தருடைய சித்தம் என்றார்கள்,
டீ குடித்தார்கள், செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள்.
ஜெயமணி அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல்
பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் ஞாயிறுகளில்
பாட்டுக்கு எழுந்து நிற்பேன், வாய் திறக்காது.
ஜெபம் என்று கண்ணை மூடினால்
அந்தப் பெட்டிக்குள்ளிருந்த மஞ்சள் பல்புதான் எரியும்.
ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன்.
திர்சாள் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறாள்,
அதனால்.

வெயில் அட்டையைத் தின்றுவிட்டது.
ஏப்ரலில் சிவப்பு போனது, மே மாசம் ரோஜாப் படம் போனது,
வசனம் வரி வரியாக வெளுத்து
இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால்
ஒரு சொல்தான் நிற்கிறது.
ஆனாலும்.
அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன வந்தது,
நினைவில்லை.
கிழித்துப் போடத்தான் விரலை வைத்தேன்.
பசை விடவில்லை.
பாறாங்கல்லுக்கு அந்தப் பக்கம் கடல்
யாரோ பதில் சொல்ல வாயெடுப்பது போல எழும்பி
ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தது.

எப்போது தூங்கினேனோ.
கதவை யாரோ லிவரால் தட்டுகிறார்.
பின்வண்டிக்காரர். திருவள்ளூர் நம்பர். தாடியில் பீடிப் புகை.
இரண்டு நாளாகப் பக்கத்தில் இருந்தும் பேர் கேட்டதில்லை.
"இன்னாபா, வரிசை நகந்து கால் மணி ஆச்சு."
பார்த்தேன்.
எனக்கு முன்னால் பத்து வண்டி நீளத்துக்கு வெறும் தார்.
இந்த ரோட்டில் இப்படி ஒரு இடைவெளியை
ஒரு நிமிஷம் விட்டுவைக்க மாட்டார்கள்.
அவர் தன் வண்டியைக் குறுக்கே ஏற்றி நிறுத்தி
பின்னாலிருந்த அத்தனை பேரின் திட்டையும்
வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.
"நீங்களே தாண்டிப் போயிருக்கலாமேண்ணே?"
"உன் எடம்தானே அது" என்றார்.
பீடியைச் செருப்பால் தேய்த்துவிட்டு நடந்தார்.

சாவியைத் திருப்பக் கை வரவில்லை.
கல்லறையில் வராத அழுகை
மூக்கு வழியாக, தொண்டை வழியாக, அசிங்கமாக வந்தது.
ஹாரன்கள் கத்தின.
ஆண்டவரே, என்றேன். அதற்கு மேல் போகவில்லை.
கோபத்தோடுதான். அவரிடம்தான்.

மூன்றரைக்குத் திர்சாள் கூப்பிட்டாள்.
"தூங்கலியா? எவ்ளோ தூரம் போயிருக்கு?"
பத்து வண்டி, என்றேன்.
"அவ்ளோதானா."
அவ்ளோதான்.
கொஞ்ச நேரம் இருவருமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.
"நாளைக்கு ஞாயித்துக்கெழம. சட்டை எடுத்து வெக்கட்டா?"
வந்து சேர்வேனோ தெரியாது, என்றேன்.
வை.

முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.
ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன்.