நான்கெல்லைக்கு உட்பட்டது

சேரன்மகாதேவி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
பத்திரம் எழுதும் பட்டமுத்து
கீபோர்டில் விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
‘இவங்க உங்களுக்கு என்ன வேணும்?’

முப்பிடாதி என்னைப் பார்க்கவில்லை.
‘கூட இருக்கா.’
‘தங்கச்சின்னு போட்டுருதேன்?’
‘அவ வேதக்காரி. நான் முப்பிடாதி.
எந்த வழியில தங்கச்சி?
கூட இருக்கான்னே போடுங்க.’

போன தையில்
அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராத்திரி
ஆட்டோவில் ஏற்றி ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோனது நான்.
காலில் செருப்பில்லை என்பது
விடிந்து, வராண்டாவில் வெயில் விழுந்தபோதுதான் தெரிந்தது.
கையெழுத்துக்கு மட்டும் ரத்தச் சொந்தம் வேண்டுமென்றார்கள்.
பதினோரு வருஷம் பேசாத அண்ணன்
கடையநல்லூரிலிருந்து கார் பிடித்து வந்து போட்டான்.
போட்ட கையோடு வீட்டுக்கு வந்து பீரோ சாவி கேட்டான்.
காப்பி கொடுத்தேன்.
குடித்துக்கொண்டே சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான்,
தேங்காய் வாங்குகிறவன் மாதிரி.

பட்டமுத்து விவரம் சொன்னார்.
குடும்பத்துக்குள் என்றால் தானசெட்டில்மெண்ட், செலவு கம்மி.
நீங்கள் குடும்பம் இல்லை,
(இதைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்)
முத்திரைத்தீர்வை கட்டி மாளாது.
உயில் போதும். பதிந்துவிடுங்கள்.
புத்தி தெளிவென்று டாக்டரிடம் ஒரு சீட்டு.
அண்ணாச்சி கேஸ் போடத்தான் செய்வாக.
போடட்டும்.

‘என்பேரில் மிகுந்த அன்பும் பற்றுதலும் கொண்டு
என் சுகதுக்கங்களில் பங்கேற்று
என்னைப் பராமரித்து வருகிறபடியால்’
எல்லா உயிலிலும் வருகிற வரி.
சொத்துக்காகக் கால் பிடிக்கிற மருமகனுக்கும்
இதையேதான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்.
இருந்தாலும்,
எங்களைப் பற்றி ஒரு காகிதம்
உண்மை சொன்னது இதுதான் முதல் தடவை.

சொத்து விவரம்:
வடக்கே செய்யது பீவி மனை, தெற்கே பஞ்சாயத்துப் பாதை,
மேற்கே சுடலைமுத்து வயல், கிழக்கே கன்னடியன் கால்.
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட
மூன்றரை சென்ட் மனையும், வீடும், கிணறும், மோட்டாரும்.
சுவிட்சை இரண்டு தரம் அமுக்கி
மூன்றாம் தரம் குத்தினால்தான் மோட்டார் ஓடும்
என்பது அதில் இல்லை.
என் அஞ்சு பவுன் சங்கிலி
தெற்குச் சுவருக்குள் செங்கலாக இருக்கிறது.
அதுவும் இல்லை.
ஊருக்காக வாங்கிப்போட்ட இரண்டாவது கட்டிலில்
பழைய பேப்பரும் வடகமும் படுத்திருக்கின்றன.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும்.
நான் எழுந்தேன்.
‘நீங்க கூடாதுக்கா.
பலன் அடையுதவங்க சாட்சி போடக் கூடாது.’

தூக்கத்தில் அவள் ஈபி ரீடிங் சொல்வதைக் கேட்டது யார்?
அம்மா செத்த அன்று
ஊர் எல்லை வரை போய்
பஸ்ஸை விட்டு இறங்காமலே திரும்பினாளே,
பக்கத்து சீட்டில் இருந்தது யார்?

சாட்சி போட்டது
சிலிண்டர் கொண்டுவரும் வேலாண்டியும்
மாவு மில் மைதீன் பாட்சாவும்.

உள்ளே போட்டோ எடுத்தார்கள், ரேகை வைத்தார்கள்.
நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு
அவள் ஸ்கூட்டி பக்கத்தில் நின்றேன்.
வந்தவள் பெருவிரல் மையை
என் முந்தானையில் துடைத்தாள்.
‘என் ஆயுளுக்குப் பிறகுன்னு ஏழு தடவ வருது, ஜெபக்கனி.
எண்ணிப் பாத்தேன்.’

‘ஏளா, நான் முந்திக்கிட்டா?’
‘உனக்கு என்ன இருக்கு எழுத?’

தையல் மிஷின். ஒரு எல்ஐசி.
பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில்
அப்பாவுக்குப் பக்கத்தில் ஆறடி.
அதில் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

‘அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் எழுதணும்’ என்றேன்.
‘பட்டமுத்து அந்த வரிய சேவ் பண்ணித்தான் வச்சிருப்பாரு.
பேர மட்டும் மாத்திக்கிடலாம்’ என்றவள்
வண்டியைத் திருப்பினாள்.
‘ஏறு. ஏழு மணிக்குக் கரண்ட எடுத்துருவான்,
தொட்டி இன்னும் ரொம்பல.’